கோடு தாண்டிய பந்து

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அண்ணையும் அக்காவும் இருக்கிறார்கள். மன்னார்க்காரர்கள். நான் திருச்சி. மியூனிக்கில் வேலை பார்த்துக்கொண்டு, மியூனிக் வாடகைக்குப் பயந்து, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இந்தச் சின்ன ஊருக்குக் குடிவந்தவள். வந்த புதிதில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டவள், ஒரு குளிர்காலம் அவர்கள் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டதில் ‘அண்ணை’ என்று கூப்பிடப் பழகிவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை. அண்ணை சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு கையில் மடக்கு நாற்காலியும் மறு கையில் சோற்றுப் பாத்திரமுமாகப் புறப்படுவதை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அவருக்குப் பின்னால், நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி ஓர் இளைஞன் வெளியே வந்தான். தமிழனும் இல்லை, ஜெர்மன்காரனும் இல்லை. அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க அண்ணை?”

“மட்ச் இருக்குது பிள்ளை. பேஸ்போல். நீரும் வாருமன், சும்மாதானே இருக்கிறீர்.”

ஜெர்மனியில் பேஸ்பாலா? கால்பந்தைத் தவிர வேறு எந்தப் பந்து உருண்டாலும் இந்த ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனேன்.

ஊர் முடிகிற இடத்தில், காட்டை ஒட்டி மைதானம். நாலு வரிசைப் பலகை, சாசேஜ் வாட்டுகிற ஒரு கூடாரம், பியர் பீப்பாய், ஒரு சுமாரான கல்யாணத்துக்கு வருகிற அளவு கூட்டம். இதுதான் நாட்டின் முதல் பிரிவு என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் வாரநாளில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கூரை வேய்கிறவர். வெளிநாட்டிலிருந்து ஒரு பருவத்துக்கு மட்டும் சம்பளம் பேசி அழைத்துவரப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர். அண்ணை வீட்டு இளைஞன் அதில் ஒருவன். கரீபியக் கடலில் ஒரு தீவு அவனுக்கு. ஸ்பானிஷ் பேசுகிறவன். வேலை, பந்து எறிவது.

இப்படி வருகிறவர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைப்பது இங்கே வழக்கம். அண்ணை வேலை பார்க்கிற பார்சல் கிடங்கில் கூட வேலை செய்யும் ஒரு ஜெர்மன் அம்மாள்தான் கிளப்பின் நிர்வாகி. அண்ணையின் மகள் படிக்க டிரெஸ்டன் போய்விட்டாள், அறை சும்மா கிடக்கிறது என்று தெரிந்ததும் அவர் வந்து கேட்டிருக்கிறார். அண்ணை யோசிக்கவே இல்லையாம். அக்காவும் யோசிக்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். புட்டும் சொதியும் இடியப்பமுமாக அவனை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிரப்பினார். அவன் முதலில் கற்ற தமிழ்ச் சொல் ‘காணும்’. போதும் என்பதற்கு அங்கே அதுதான் சொல். அதைச் சொல்லியும் பயனில்லை என்பது இரண்டாவது பாடம்.

அண்ணைக்கு ஆங்கிலம் வராது. அவனுக்கு ஜெர்மன் வராது. எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வரும் என்பதால் அன்று முதல் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. சம்பளம் மீன்குழம்பு.

ஆட்டம் எனக்குப் புதிராக இருந்தது. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவள் நான். இங்கே பந்து தரையில் குத்தாமலே வருகிறது. அடித்தவன் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறான். எங்கள் வீட்டில் என் தம்பி மட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், இது எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது. ஓரமாக நின்ற பயிற்சியாளர் மூக்கைத் தொட்டார், காதைத் தொட்டார், தொடையைத் தட்டினார். பாவம், கொசு என்று நினைத்தேன். அடிக்கப் போகிறவனுக்கு ரகசியக் கட்டளையாம். எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று நிர்வாகி அம்மாளைக் கேட்டேன். சொல்ல மாட்டாராம். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் அதைக் கண்டுபிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இன்றுவரை மூக்குக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும், அது ஏமாற்றுச் சைகை.

அடிக்கிறவன் நிற்கும் இடத்திலிருந்து விரித்த கைகளைப் போல இரண்டு வெள்ளைக் கோடுகள் போகின்றன. அவற்றுக்கு நடுவில் அடித்தால்தான் கணக்கு; நாலு முனைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். வெளியே போனால் ஃபவுல், ஒன்றுமில்லை. பின்பக்கம் காட்டுக்குள் பறந்துபோகிற ஃபவுல் பந்துகளைத் தேடிக் கொண்டுவருவது அண்ணையின் பொறுப்பு. சும்மா உட்கார்ந்திருக்க ஏலாத மனிதர், அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது. புதருக்குள் நுழைந்து, சட்டையெல்லாம் ஒட்டுப்புல்லோடு, பந்தைத் துடைத்துக்கொண்டு வருவார். பள்ளிக்கூட நாளில் மன்னாரில் விக்கெட் கீப்பராம். “பந்தை விட்டதே இல்லை பிள்ளை” என்று அடிக்கடி சொல்வார்.

அணி மட்டும் எல்லாவற்றையும் விட்டது. மே மாதம் முழுக்கத் தோல்வி. ஜூனில் பல் டாக்டர் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் இளைஞன் எறிகிற நாளில் ஜெயிப்பார்கள், அவன் தோளுக்கு ஓய்வு கொடுக்கிற நாளில் தோற்பார்கள். ஜூலைக் கடைசியில் ஒருநாள் நிர்வாகி அம்மாள் எங்களிடம் வந்து நிலைமையைச் சொன்னார். கடைசி இடத்துக்குப் போனால் அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவு. அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கக் கிளப்பால் முடியாது. முதல் பிரிவில் நிலைத்தால் அவனுக்கு அடுத்த ஆண்டும் இடம் உண்டு, அதைப் பேசியும் வைத்திருக்கிறார்கள்.

“உனக்கு இங்க இருக்கணுமா?” என்று அவனை ஆங்கிலத்தில் கேட்டேன்.

இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்றான். இங்கேதான் தன் எறி பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்றான். அண்ணைக்குச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார். “எனக்கு ‘நீ இஞ்சை இருக்க ஏலாது, திரும்பிப் போ’ எண்டு எழுதி அனுப்பினவங்கள் பிள்ளை. கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் ஏப்போட்டிலை வந்து இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, அகதி எண்டு Antrag, விண்ணப்பம் போட்டு, அதுக்கு வந்த மறுமொழி அது. பிறகு நான் மேலை மேலை எழுதி எழுதித்தான் இருக்க விட்டவங்கள். அந்த வருசங்களிலை தபால்காரனைக் கண்டால் நான் கதவைத் திறக்கமாட்டன்.” வாசலில் நின்று சாவியை எடுத்தார். “என்ரை வீட்டிலை இருக்கிற பிள்ளைக்கு அப்பிடிச் சொல்லக் கூடாது.”

வெறும் விளையாட்டுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அந்த ஆட்டம் வந்தது. எங்களைப் போலவே தள்ளாடிக்கொண்டிருந்த இன்னொரு அணியோடு. ஜெயித்தவர் மேலே, தோற்றவர் கீழே. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். காட்டில் பந்து தேடுகிற வேலையைக் குழந்தைகள் பிடுங்கிக்கொண்டார்கள். ஆகவே நிர்வாகி அம்மாள் அண்ணையை இடது பக்கக் கோட்டுக்கு வெளியே, தூரத்து வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வெளியே வருகிற பந்தை எடுக்க வேண்டியதுதான், லேசான வேலை.

அவன் அன்று எறிந்த எறியை எனக்கு விவரிக்கத் தெரியாது. எதிரணி காற்றைத்தான் அடித்தது. அப்படியும் ஒரு ரன் அவர்கள் முன்னால் இருந்தார்கள். கடைசி இன்னிங்ஸ், எங்கள் அடி. இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. கடைசி முனைக்கு முந்திய முனையில் எங்கள் ஆள் ஒருவன் நிற்கிறான், அவன் வந்தால் சமம். முதல் முனையில் எங்கள் குண்டு மனிதர் ஒருவர், அவரும் சுற்றி வந்துவிட்டால் வெற்றி. எறிந்து முடித்த எங்கள் இளைஞன் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு, ஓரக் கொட்டகையின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

அடி விழுந்தது. பந்து இடது கோட்டுக்கு உள்ளே குத்தி, கோட்டைத் தாண்டி, வெளிப்பக்கமாக அண்ணையை நோக்கி உருண்டது. நான் எழுந்து “ஃபோர்!” என்று கத்தியேவிட்டேன். அண்ணையும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிய பந்து முடிந்த பந்து, நம் ரத்தத்தில் ஊறியது அது. அவர் எழுந்து, குனிந்து, விக்கெட் கீப்பருக்கே உரிய சுத்தத்தோடு பந்தை எடுத்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். மூச்சிரைக்க ஓடிவந்த எதிரணிக்காரனிடம் மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி நடுவரைப் பார்த்தான்.

நிர்வாகி அம்மாள்தான் எனக்கு விளக்கினார். இந்த ஆட்டத்தில் எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. உள்ளே குத்திய பந்து பிறகு எங்கே உருண்டாலும் உயிரோடுதான் இருக்கிறது. அதை எடுத்து வருவதற்குள் எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கலாம். அண்ணை தொட்ட நொடியில் பந்து செத்துவிட்டது. நடுவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒருவன் வந்த ரன் செல்லும், குண்டர் வழியிலேயே நிற்க வேண்டும் என்று முடிவானது. சமம். அடுத்தவன் அடித்ததைச் சுலபமாகப் பிடித்துவிட்டார்கள். கூடுதல் இன்னிங்ஸில் அவர்கள் ஒரு ரன் எடுத்தார்கள், நாங்கள் எடுக்கவில்லை.

யாரும் அண்ணையைத் திட்டவில்லை. ஒருவர் வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியை மடக்கிக்கொண்டு, எங்கள் யாருக்கும் காத்திராமல் நடந்து போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அக்கா மாடியேறி வந்தார். “பிள்ளை, ஒருக்கா கீழை வாரும். இந்த மனிசன் நேற்றையிலையிருந்து அவன்ரை முகத்தைப் பாக்கிறார் இல்லை. அவன் என்னவோ சொல்லுறான், எனக்கு விளங்குதில்லை. என்னாலை ஏலாது.”

போனேன். மேசையில் சோறும் மீனும் ஆறிக்கொண்டிருந்தன. எதிரெதிரே இருவரும். நான் உட்கார்ந்ததும் அண்ணை, காத்திருந்தவர்போல, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என்னாலைதான் அவன் போகவேண்டி வந்தது எண்டு சொல்லும்.”

சொன்னேன். அவன் தலையை வேகமாக ஆட்டினான். அந்தக் குண்டர் ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டு ஓடுகிற மாதிரி ஓடுவார், அண்ணை பந்தைத் தொடாவிட்டாலும் வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்றான். மே மாதம் தான் கோட்டைவிட்ட ஆட்டங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். அக்கா சிரித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை.

“அதில்லை. இருக்கிறன் எண்டவனை இருக்க விடாமல் செய்துபோட்டன். திரும்பிப் போ எண்டால் மனிசனுக்கு உள்ளுக்கை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும்.”

இதை அப்படியே மொழிபெயர்த்தால் அவனுக்கு எப்படிப் புரியும்? கதையைச் சொன்னேன். போரை, விமான நிலையத்தை, மறுத்து வந்த கடிதத்தை, தபால்காரரை. அவன் இதுவரை அறியாதவை. கையை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, எனக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுபோல, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னான்.

“வருத்தமாத்தான் இருக்காம் அண்ணை. பொய் சொல்ல மாட்டானாம். ஆனா வீட்டுக்குப் போறது தனக்குத் தண்டனை இல்லைங்கறான். அவங்க ஊர்ல குளிர்காலத்துல ஒரு சீசன் நடக்குமாம், அதுல எறிவானாம். அவங்க அம்மா தெருவையே கூட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வந்துடுவாங்களாம்.”

அண்ணை முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“திரும்பிப் போகப் பயமில்லையோ எண்டு கேளும்.”

கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். வார்த்தை புரிகிறது, கேள்வி புரியவில்லை. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். அவன் சிரித்தான், பிறகு நாங்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். “வீட்டுக்குத்தானே போகிறேன்?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

“அண்ணை, நீங்க என்ன கேக்கறீங்கன்னே அவனுக்குப் புரியல” என்றேன்.

“விளங்கேல்லையோ?” என்றார் அண்ணை. ஒரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தார். “நல்லம். விளங்காமலே போகட்டும்.”