பிரேக் பிடிக்கப் பயந்தவள்

என் மனைவி நாற்பத்திரண்டு வயதில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். நீச்சலும் ஓட்டமும் அவளுக்குப் பழக்கம்தான். சைக்கிளுக்குத்தான் ஷார்ஜா ஃபிளாட்டின் பால்கனியில் கிடந்த என் பழைய ரேஸ் சைக்கிளை எடுத்தேன். சீட்டை இறக்கி முன்னால் தள்ளினேன். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான கம்பிகளை ஹேண்டில்பாரில் முடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு ரவுண்டு என்று கார்னிஷ் கடற்கரைச் சாலையில் கிளம்பியவள் முக்கால் மணி நேரம் கழித்தே வந்தாள், காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியபடி.

“எங்க போயிட்ட?”

“கம்பியிலேர்ந்து கையை எடுத்து பிரேக் பிடிக்கப் பயமா இருந்துச்சு. அதான் நிறுத்தாம துபாய் எல்லை மம்சார் வரைக்கும் போயிட்டேன்.”

மறுநாள் பார்க்கிங்கில் நாள் முழுக்க பிரேக் பிடிக்கப் பழக்கினேன். பந்தயத்தைச் சிரித்துக்கொண்டே முடித்தாள். இப்போது அந்த சைக்கிளை எனக்குத் தர மாட்டேன் என்கிறாள்.