மாப்பிள்ளை எழுதுற பட்டியல்

இல்லீங்க, மாப்பிள்ளை டாக்டர் எல்லாம் இல்ல. கம்ப்யூட்டர்ல புதுசா சாஃப்ட்வேர் ஏத்துறப்போ, அது எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற வேலை. அதுக்கே அந்த அலட்டல் தாங்கல.

எந்த சாஃப்ட்வேர் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பட்டியல் இருக்குமாம். இவர் கடைசியில ஒரு வரி சேர்க்கணும், அவ்வளவுதான். மகாராசன் இருந்ததையெல்லாம் தூக்கிட்டுத் தன் வரியை மட்டும் எழுதிட்டார். ஒரு கண் ஆஸ்பத்திரியில நாற்பது கம்ப்யூட்டரும் மத்த எதையும் தேடத் தெரியாமப் படுத்துடுச்சு. மேனேஜர் கத்தினாராம். "சார், நான் எதையும் அழிக்கலையே, என்னோடதைத்தானே எழுதினேன்"னு இவர் பதில் சொன்னாராம். மூஞ்சியைப் பாரு!

அது எனக்கெதுக்கு? எனக்குப் பேத்தி பொறந்து பதினோரு நாள் ஆகுது. என் விரலைப் பிடிச்சா விடமாட்டா, தங்கம்! யார் எப்போ தூக்கி வச்சுக்கணும்னு என் பொண்ணு ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டியிருந்தா. காலையில எட்டு மணி என்னோடது. இன்னைக்குக் குளிச்சுட்டுப் போய் நிக்கிறேன், புதுச் சீட்டு ஒட்டியிருக்கு. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் மாப்பிள்ளை பேரு மட்டும்தான்.

"என் பேரு எங்க மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன்.

"நான் எதையும் அழிக்கலையே மாமா, என்னோடதைத்தானே எழுதினேன்."