ஷகிலா மேடம் சுற்றி வந்த ஏரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஓர் ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். தவமெல்லாம் இல்லை. ஷூவைக் கழற்றப் பார்த்தேன்... அது வரமாட்டேன் என்றது.

என்னுடைய ஞாயிறு நடையைப் பற்றி உங்களிடம் நிறைய அளந்திருக்கிறேன். ஏரிக்கரை, காட்டோரம், வயல் வரப்பு என்று சுலபமான நடை. மூச்சு வாங்காது, மலை ஏறவேண்டாம், பேசிக்கொண்டே போகலாம். கடற்கரை மட்டும்தான் எங்கள் வேலூருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் என்ன? காற்று அடிக்கிற நாளில் ஏரியில் அலை வந்து கரையில் மோதும்போது, கண்ணை மூடிக்கொண்டால் கடல்தான்!

இந்த ஏரி கணியம்பாடி தாண்டி இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே பத்து கார் வந்து நிற்கும்.

அன்று என்னோடு நடந்தவர் ஷகிலா மேடம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் எக்ஸ்போர்ட் ஆபீசில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். குரல் கேட்டால் மிஷின்கூட ஒரு நொடி நின்றுதான் ஓடும். இப்போது இரண்டு பேருமே ரிட்டயர்டு. மகன் இம்ரானோடு சத்துவாச்சாரியில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

இவ்வளவு வருடம் கால் கடுக்க நின்றே வேலை பார்த்தவர். மூட்டு என்ன செய்யும்? மாடிப்படி என்றாலே சுவரைப் பிடிப்பார்.

அடுத்த மாதம் மேடம் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார். மகனும் கூடப் போகிறான். அங்கே காபாவை ஏழு சுற்று சுற்றவேண்டும். பிறகு இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு நடை நடக்கவேண்டும். சேர்த்துப் பார்த்தால் சின்ன தூரம் இல்லை. இம்ரான் நல்ல பிள்ளை, அம்மா மேல் உயிர். அதனால் அவனாகவே டிராவல்ஸில் ஒரு வீல் சேருக்குச் சொல்லி வைத்துவிட்டான்.

வந்ததே கோபம் மேடத்துக்கு!

"தள்ளிட்டுப் போறதுக்கு நான் இன்னா மூட்டையா? இருபது வருஷமா மனசுல வெச்சிருக்கேன் சார். என் காலால சுத்தணும். அவ்ளோதான் கேக்கறேன்."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. லைனையே மிரட்டிய அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டேன்... "நடந்து பழகலாம் மேடம். நான் கூட வர்றேன்."

முதல் வாரம் தெருமுனை. அடுத்து பஸ் ஸ்டாப். அப்புறம் இந்த ஏரி, அதுவும் பாதி பாதியாக. ஒரு நாள் மூட்டு வீங்கி அடுத்த வாரம் முழுக்கப் படுத்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு என் வீட்டு கேட்டைத் தட்டுகிறார்!

கடைசியில் அம்மாவுக்கும் மகனுக்கும் ஓர் ஒப்பந்தம். ஏரியை ஒரு முழுச் சுற்று. நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். நடுவில் எங்கேயும் உட்காரக்கூடாது. முடித்தால் வீல் சேர் கேன்சல். உட்கார்ந்தால்... பேச்சே கிடையாது, வீல் சேர்தான். டிராவல்ஸ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாகவேண்டும்.

போன ஞாயிறு காலை இம்ரான் பைக்கில் வந்தான். பின்னால் ஒரு மடக்கு நாற்காலியைக் கட்டியிருந்தான். "சும்மா இருக்கட்டும் அங்கிள். அம்மிக்கு முடியலன்னா?" என்றான். அம்மாவை அவன் 'அம்மி' என்றுதான் கூப்பிடுவான். அக்கறைதான். ஆனால் வழியெல்லாம் பின்னாலேயே ஒரு நாற்காலி உருண்டு வந்தால் யாருக்குத்தான் மூட்டு வலிக்காது?

நடக்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல். பனைமர வரிசை. நாமக்கோழிகள் தண்ணீரில் தலையை ஆட்டி ஆட்டிப் போயின. மேடம் கறுப்பு பர்தாவும் வெல்க்ரோ ஷூவுமாக நிதானமாக வந்தார். அந்த ஷூ வாங்கவே கடையில் மூன்று ஜோடியை ரிஜெக்ட் செய்தவர். பாதி கரை தாண்டியதும் சொன்னார்.

"கேட்லாக் போட்டோ ஞாபகம் இருக்கா சார்? ஏரி, மரம், கடலோரப் பாறை... அங்கல்லாம் நம்ம ஷூ போட்டு வெள்ளைக்காரங்க நடப்பாங்க. நான் பாஸ் பண்ணி அனுப்பின ஷூ எல்லாம் எங்கெங்கயோ நடந்துச்சி. நான்தான் நடக்கல."

நியாயம்தானே? உலகத்துக்கே நடக்க ஷூ தைத்துக் கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாம். பால் பாக்கெட் வாங்க பைக்கை எடுக்கிறோம்!

இந்த இடத்தில்தான் என் கால் கத்தியது. வலி என்றால் அப்படி ஒரு வலி. நானும் அன்றைக்கு ஷூவில்தான் வந்திருந்தேன். கம்பெனியில் இருந்தபோது வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த வாக்கிங் ஷூ. முக்கியமான நாளாயிற்றே என்று எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒற்றைக் கால் தவம் அப்போது நடந்ததுதான். ஒருவழியாகக் கழன்ற ஷூவை மேடம் கையில் வாங்கினார். முனையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஷூவின் நாக்கைத் திருப்பி ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"சார், இது சாம்பிள். நாப்பத்திரண்டு. உங்க கால் இன்னா சைஸ்?"

"நாப்பத்து மூணு," என்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையருக்குக் காட்டச் செய்கிற ஆண்கள் சாம்பிள் எல்லாம் ஒரே அளவு... நாற்பத்திரண்டு. ஆர்டர் முடிந்ததும் மிஞ்சுவதை ஸ்டாஃபுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு கால் உள்ளவன் அதிர்ஷ்டசாலி. மற்றவர்கள் 'போகப்போக லூஸாகிடும்' என்று வாங்கி மாட்டிக்கொள்வோம். என் காலம் முழுக்க நான் டைப் அடித்த பேப்பரில் எல்லாம் சைஸ்தான் இருந்தது. ஆனாலும் விட்டேனா?

மேடம் உள்ளேயிருந்த மெத்தையை உருவி எடுத்தார். லேஸின் கீழ் இரண்டு ஓட்டையை விட்டுவிட்டு மறுபடி கோத்தார். எல்லாம் நின்றபடியே. "இப்ப விரலுக்கு இடம் இருக்கும். ஆனா கொப்புளம் உடைஞ்சிருக்கு. நீங்க நடக்காதீங்க."

இதற்குள் இம்ரான் வந்து நாற்காலியை விரித்துவிட்டான். "நின்னுட்டீங்களே அம்மி... வலிக்குதா? உக்காருங்க."

மேடம் நாற்காலியைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. கை தன்னையறியாமல் வலது மூட்டுக்குப் போனது. ஒரு நொடிதான்.

"சாருக்குப் போடு," என்றார். திரும்பி நடந்தார்.

கரை முடிந்ததும் கருவேல மரங்கள். உள்ளே ஒற்றையடிப் பாதைதான், பைக் போகாது. ஆடு மேய்ப்பவர்கள் குரல் எங்கேயோ கேட்டது. மேடம் தனியாக உள்ளே நுழைந்தார். பர்தா மரங்களுக்குள் மறைந்தது. ஆம்பூர் எக்ஸ்போர்ட் ஆபீசின் மாஜி அதிகாரி கரைமேல் நாற்காலியில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு!

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆளைக் காணோம். இம்ரானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பேஜாரா இருக்கு அங்கிள். நான் போய்ப் பாக்கறேன்."

"இரு தம்பி. நீ இப்ப உள்ள போனா, அவங்களால முடியாதுன்னு நீ முடிவு பண்ணிட்டதா ஆகிடும்."

பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பாதை மேடு பள்ளம். தடுக்கி விழுந்திருந்தால்? ஆசையைக் கிளப்பிவிட்டவன் நானல்லவா? உம்ராவே நின்றுபோனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தெருப்பக்கம் போவேன்?

தண்ணீருக்கு அந்தப் பக்கம், மரங்கள் முடிகிற இடத்தில், முதலில் நாலைந்து ஆடுகள் வந்தன. அப்புறம் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"அம்மி!" என்று இம்ரான் கத்தினான். நானும் கத்தினேன். ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன. புள்ளி தன்பாட்டுக்கு நடந்தது.

பைக்கில் ஏறினோம். மடக்கிய நாற்காலியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து காத்திருந்தோம். வரப்பு வழியாக மேடம் வந்தார். கால் லேசாக இழுத்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. புறப்படும்போது நின்ற அதே பனைமரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றார். முழுச் சுற்று!

நான் கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

இம்ரான் மட்டும் விடவில்லை. "காட்டுக்குள்ள உக்காந்தீங்களா அம்மி? உண்மையைச் சொல்லுங்க."

"உக்காரல. நின்னேன். ரெண்டு தடவ நின்னேன். நிக்கறது எனக்கு இன்னா புதுசா?"

அவ்வளவுதான். பையன் அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்புறம் போனை எடுத்து எங்கள் முன்னாலேயே டிராவல்ஸுக்குப் பேசினான். "வீல் சேர் வேணாங்க. ஆமா, கேன்சல்தான். எங்க அம்மி நடப்பாங்க." அந்தக் கடைசி வார்த்தையை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

மேடம் கையை நீட்டினார். "இப்படிக் குடு போனை."

கொடுத்தான்.

"பாய், அங்க காபாவ மேல் மாடியில சுத்தினா கூட்டம் கம்மியாமே? ...ஓ, சுத்து பெருசா? தூரம் ஜாஸ்தியா? பரவால்ல பாய். மேல் மாடியிலயே சுத்திக்கறோம்."

கூடவே சுற்றப்போகிற இம்ரான் அம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் காலைப் பார்த்தான். பாவம்... முதல் மாடியில் இருக்கிற ஆபீசுக்கே லிஃப்டில் போகிற பிள்ளை!