உப்பு ஒத்தடம்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத வந்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சளியே இல்லாமல், நாக்கைத் துடைத்தெடுத்துக் காசநோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை இப்போது உருவாக்கிக்கொண்டிருக்கிறார்களாம். போன கிழமை ஒரு தாதி சொன்னார். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யுத்த காலத்தில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா எங்கள் ஊரான உடப்பை விட்டுக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மாதம். ஐந்து வயதுத் தம்பியும் இருமி இருமி மெலிந்துகொண்டு வந்தான். சளியில் கிருமி தெரிந்தால்தான் மருந்து என்றார்கள். அவனோ வந்த சளியையெல்லாம் விழுங்கினான். ஒவ்வொரு காலையும் அம்மா மூடி போட்ட ஒரு சின்னத் தகரப் பேணியோடு அவன் வாய்க்கு முன்னால் குந்தியிருப்பாள்.

"துப்படா! ஐயோ, விழுங்கிட்டான்!"

பேணியோடு சிலாபத்துக்கு பஸ் ஏறினால் வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் மூடியைத் திறக்கச் சொல்வான். திறந்ததும் முகத்தைத் திருப்பி, "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கையை வீசிக் கலைப்பான். கிளினிக்கில் தாதியும் அதே முகத்தோடுதான் பார்ப்பார்.

"இது வெறும் எச்சில். சளி எங்க?"

"அவன்ட வயித்துக்குள்ள கிடக்கு மிஸ்ஸி. வெட்டி எடுக்கட்டா?"

மூன்றாம் முறை டாக்டர் தம்பியின் முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டார். அந்த இடத்தைத் தொடாமல் மூன்றாம் நாள் வரவேண்டும். நன்றாக வீங்கினால் நோய்தான், மருந்து தொடங்கலாம் என்றார். வீங்கினால் நோய் என்பது மட்டும் என் காதில் நின்றது.

மூன்றாம் நாள் காலை அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அம்மா கிணற்றடியில் நின்றாள். இவனும் அப்பா போன இடத்துக்குப் போய்விடுவானே என்று எனக்கு நடுக்கம். எங்கள் ஊரில் கெளுத்தி முள் குத்தி வீங்கினால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். நானும் வறுத்தேன். அவன் கத்தக் கத்த அழுத்தினேன்.

கிளினிக்கில் வீக்கத்தை அளக்க அளவுகோலோடு வந்த டாக்டர் கொப்புளித்துக் கிடந்த கையைப் பார்த்தார். "இதில எதை நான் அளக்கிறது?" அளவுகோல் மேசையில் விழுந்தது. திரும்பப் போட்டுப் பார்க்க அந்த ஊசி மருந்தும் முடிந்துவிட்டதாம். பழையபடி சளியைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஆரடி உன்னட்ட வைத்தியம் கேட்டது?" பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அம்மா கத்தினாள்.

"வீக்கம் வத்தட்டும் எண்டுதான் அம்மா."

அடிக்க ஓங்கிய கையால் அம்மா தன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நோயை விரட்டியவளை ஏன் ஏசுகிறார்கள் என்று எனக்குக் கோபம். தம்பியின் உடம்பு தந்த ஒரே பதிலைத்தான் சுட்டு அழித்தேன் என்பது விளங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா பேணியைக் கழுவி எடுத்துக்கொண்டு தம்பியை எழுப்பினாள்.