லிஸ்டில் விடுபட்ட பெயர்

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிஷத்துக்கு, ஒரு மனிதனைச் சாகடித்துவிட்டேன். ஆயுதம் — பேனா.

மலாயாவில், குளுவாங்கில் எங்கள் சபை சின்னது. போதகர் மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெப லிஸ்டை வாசிப்பது என் பொறுப்பு. நோயாளிகள், தூரம் போனவர்கள்... ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். சபையார் ஆமென் சொல்வார்கள். சுகமானாலோ, திரும்பி வந்தாலோ, ஸ்தோத்திரம் சொல்லிப் பெயரை எடுத்துவிடுவோம். இறந்தவர்களுக்காக நாங்கள் ஜெபிப்பதில்லை. ஆகையால் ஸ்தோத்திரம் இல்லாமல் ஒரு பெயர் நின்றுபோனால், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எனக்கு இது தெரியாதா? பதினொரு வருஷமாக நான்தானே வாசிக்கிறேன்!

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது. தோட்டங்களில் ஆள் குறைத்ததும் வேலை தேடிக் கிளம்பியவர்களில் மாசிலாமணி ஒருவன். பத்து பாகாட் என்கிற ஊர்ப் பக்கம் போகிறேன் என்று சொல்லிப் போய் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அவன் மனைவி ஞானப்பூ பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. ஞாயிறுதோறும் தோட்டத்திலிருந்து நான்கு மைல் நடந்து வருவாள்.

நான் தபாலாபீஸ் கிராணி, குமாஸ்தா. வருகிற கடிதங்களை ஊர் ஊராகப் பிரிப்பது என் கைதான். இத்தனை நாளில் அவளுக்கு ஒரு கார்டுகூட வரவில்லை என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் ஏதோ பொய் சொல்வது போலவே இருக்கும். அந்த வாரம் லிஸ்டைப் புதிதாக எழுதினேன். அவன் பெயர் வந்ததும் கை சலித்தது. விட்டுவிட்டேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தால், ஞானப்பூவின் இடம் காலி.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

“தந்தி எப்ப வந்துச்சுங்கய்யா?”

“எந்தத் தந்தி?”

“எங்கிட்ட மறைக்காதீங்க. நீங்க தபாலாபீஸ்காரரு. உங்களுக்குத்தானே மொதல்ல தெரியும்?”

“தந்தியும் இல்ல, கடுதாசியும் இல்ல ஞானப்பூ. நான்தான்... பேரை விட்டுட்டேன்.”

தோட்டத்து வீட்டு வரிசையில் அவளோடு ஒரே லயத்தில் குடியிருக்கும் ராகேலம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் என்னைச் சும்மா விடவில்லை. “நல்லா இருக்குய்யா! ஒரு பேரை முழுங்கி எவ்ளோ நேரம் மிச்சம் புடிச்சீங்க? சீக்கிரமாப் பசியாறப் போவணுமாக்கும்?”

ஞானப்பூ சிரிக்கவில்லை. “மறந்துட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?”

“வேணும்னுதான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா...”

“காத்துக்கிட்டு இருக்கிறது நானு. சலிப்பு உங்களுக்காய்யா?”



அவளே மேலும் சொன்னாள். “அவரு வருவாருன்னு எனக்கும் தெனம் தோணறதில்லைங்க. திங்கக்கெழம தோணும்; வியாழக்கெழமக்குள்ள போயிடும். ஞாயித்துக்கெழம நீங்க பேரை வாசிச்சு, இத்தன பேரும் ஆமென் சொன்னா... சரி, இன்னும் ஒரு வாரம் பாப்போம்னு எந்திரிச்சுப் போவேன்.”

வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒன்று மட்டும் ஏறவில்லை. ராகேலம்மாள் அவள் கையைப் பிடித்து, தண்ணீர் தொட்டுத் தள்ளிவிட்டாள்.

நம்பிக்கை அவரவர் நெஞ்சுக்குள் இருக்கிற சங்கதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னிடம் அது தீர்ந்துவிட்டதென்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டாமல் இருப்பதே நேர்மை என்றும் நினைத்தேன். அந்த நேர்மைதான் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ தெரியாத ஒருவனின் மனைவியை வளையல் கழற்ற வைத்தது!

தனியாக ஒருவரால் வாரம் முழுக்க நம்ப முடியாது போலிருக்கிறது. வியாழக்கிழமை அவள் கையிலிருந்து நழுவுவதை ஞாயிற்றுக்கிழமை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவனிடம் நிறைய இருக்க வேண்டும் என்று கர்த்தர் எங்கேயாவது நிபந்தனை போட்டிருக்கிறாரா? எனக்குத் தெரிந்து இல்லை.

போன ஞாயிறு மாசிலாமணியின் பெயரை வாசித்தேன். நம்பிக்கையோடு வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்...

சத்தமாக வாசித்தேன்.