மூன்று நாட்டு மிளகு

போன ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் மூன்று நாட்டு ஒயின். வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய விம்கோ நகரில், ஃபேன் காற்றே சுடுகிற மே மாதத்தில்!

என் மனைவியின் தம்பி அருள் கப்பலில் ஒயின் பரிமாறுகிறவன். லீவில் வந்தவன், மூன்று குட்டி பாட்டில்களைச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பிரான்ஸ், நியூசிலாந்து, சிலி. மூன்றும் ஒரே திராட்சையாம். பெயர் சிரா.

"ஜீராவா? அப்போ தித்திப்பா இருக்கும்னு சொல்லு" என்றார் ஏழுமலை. பக்கத்து வீடு, நான் வேலை பார்க்கும் அதே கெமிக்கல் கம்பெனி. எங்களுக்குத் தெரிந்த ஒயின், கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரை கொட்டி வீட்டில் போடுவதுதான்.

எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய். ஏழுமலையின் முகம் கோணியது.

"இன்னா நைனா, புளிச்சிப் பூட்டுது!"

"புளிக்கத்தாண்ணே செய்யும். இதெல்லாம் கூல் கிளைமேட் சரக்கு. வெயில் ஊர்ல வெளஞ்சா ஜாம் மாதிரி ஆயிடும். குளிர்ல மெதுவாப் பழுத்தாதான் மிளகு வாசன வரும். மோந்து பாருங்க."

மூக்கை டம்ளருக்குள் விட்டேன். பிரான்ஸ்... ஒன்றுமில்லை. நியூசிலாந்து... ஒன்றுமில்லை. சிலி?

நாக்குக்கு வித்தியாசம் தெரிந்தது. பிரான்ஸ், வாழைக்காய்த் துவர்ப்பு. நியூசிலாந்து மெலிசு, புளிப்பு சுருக்கென்றது. சிலி, நாவல்பழம் தின்றபின் நாக்கு தடிக்குமே — அப்படி. ஆனால் வாசனை?

"பிரான்ஸ்ல மிளகோட லேசாப் பொகை. நியூசிலாந்துல மிளகோட பூ..."

"பொகைக்கு பிரான்ஸ் போவணுமா மாமு? எண்ணூர்ல ஓசியிலயே கீது!" என்றார் ஏழுமலை. எல்லோரும் சிரித்தோம்.

என் மனைவி ஸ்டெல்லா டம்ளரை வாங்கி மோந்தாள். "ஆமாடா! ரசம் வெக்கறப்ப வருமே, அதேதான்."

"மாமா, உனக்கு?"

"சளி" என்றேன்.

சளி இல்லையென்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். உள்ளே போய், மிளகை நசுக்கி, உள்ளங்கையோடு என் மூக்கில் வைத்தாள். தும்மல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு வரவில்லை.

"அப்போ தெனம் ரசம் கமகமன்னு கீதுன்னு சொல்லுவியே... அது?" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் பழைய வாசனை ஞாபகத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது போனால் பக்கத்தில் இருப்பவர் கத்துவார். கண் போனால் எதிலாவது முட்டிக்கொள்வோம். மூக்கு போனால் யார் வந்து சொல்வார்கள்?

ஏழுமலை மெதுவாகக் கையை நீட்டினார். "தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் குடும்மா."

மோந்தார். தும்மினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி — எங்கே வீடு, எங்கே வேலை. சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். திரும்ப வருமா என்று கேட்க எனக்குக் கூச்சம். ஸ்டெல்லா கேட்டாள். "பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போமு'க்கு அர்த்தம் தெரியாதா எனக்கு?

கம்பெனியில் கேஸ் கசிந்தால், மணி அடிக்கும் முன்னால் மூக்குதான் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலை போகும். இந்த வயதில், பத்தாவது படித்தவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? சொல்லாவிட்டால்...? ஏழுமலையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷிஃப்ட் போய் வருகிறோம். இன்னும் சொல்லவில்லை.

பாட்டிலைத் திறந்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்கிறான் அருள். எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் நுழைந்ததும் வெளியூர்க்காரர்கள் கர்சீப்பால் மூக்கைப் பொத்துவார்கள். பந்தா என்று இத்தனை வருடம் சிரித்தோம்.

பந்தா இல்லை... அவர்களுக்கு மூக்கு இருந்தது!