லாரி ஏறிடுச்சா?

டேட்டாவை வைத்து மென்பொருள் செய்கிறவனின் பிழைப்பு, பாதி நாள் கேள்வி கேட்பதிலும் மீதி நாள் கிடைத்த பதிலை நம்பாமல் இருப்பதிலும் கழிந்துவிடுகிறது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். 'லீன்' என்றும் 'டிசைன் திங்கிங்' என்றும் இரண்டு மந்திரங்களை ஓதி எங்களை ஊர் ஊராக அனுப்புவார்கள். முதல் மந்திரம், வீணாக எதையும் செய்யாதே என்கிறது. இரண்டாவது, எதைச் செய்வதற்கும் முன்னால் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் மனதுக்குள் போய் உட்கார் என்கிறது.

மரவள்ளி விலையை முன்கூட்டியே சொல்லும் செயலி ஒன்றைக் கொல்லிமலை விவசாயிகளுக்காகச் செய்ய வேண்டும், ஆறு மாதம் அங்கேயே தங்க ஆள் வேண்டும் என்று சென்னை அலுவலகத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். விவசாயிகள் மேல் இவனுக்கு எவ்வளவு பற்று என்று எல்லோரும் மெச்சினார்கள். என் மனைவி மெர்சி அந்த மலையில்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணமாகி நான்கு வருடமாக, மாதத்துக்கு இரண்டு நாள்தான் நாங்கள் குடும்பம் நடத்தியிருந்தோம். செயலி தேறிவிட்டால் மலையில் நிரந்தரமாக ஒரு ஆளை வைப்போம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒட்டாத சீட்டுகள்

முதல் வாரமே, மலையில் 'நாடு' என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் ஒரு கூட்டம் போட்டேன். ஆளுக்கு நாலு மஞ்சள் ஒட்டுச் சீட்டைக் கொடுத்து, சீட்டுக்கு ஒரு குறையாக எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வது எங்கள் முறை. எழுதினார்கள், ஒட்டினார்கள். நான் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் கூட்டத்தில் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. பனியில் சுவர் ஈரம் குடித்திருந்தது. ஏசி அறைச் சுவருக்குப் பழகிய பசை அங்கே என்ன செய்யும்?

குனிந்து பொறுக்கி, அழுத்தி அழுத்தி ஒட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் செல்லம்மாக்கா உட்கார்ந்திருந்தார். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கிண்டல் செய்வதில் கெட்டிக்காரர்.

"உட்டுருங்க சாமி. எங்க கொறையின்னா செவுருகூட ஏத்துக்க மாட்டேங்குது."

ஐந்து ஏன்

ஒரு பிரச்சினையின் வேரைப் பிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேள் என்பது லீன் பாடம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் செல்லம்மாக்காவின் காட்டுக்குப் போனேன். ரோட்டோரம் அவர் பிடுங்கிப்போட்ட கிழங்குக் குவியல் கிடந்தது. நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்காமல் ஏன் பிடுங்கினீர்கள் என்றேன். ஆலை லாரி வருகிறது என்றார்களாம். ஏன் வரவில்லை? தெரியாது. ஏன் கேட்டுப் பார்க்கவில்லை? டிரைவர் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? மலை ஏறுகிறவன் வளைவை ஒடிப்பானா, போனை எடுப்பானா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஐந்தாவது ஏனுக்கு அவசியமே வரவில்லை. ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டினார். உள்ளே நரம்பு நரம்பாகக் கறுத்திருந்தது. பிடுங்கி மூன்று நாள் ஆனால் மாவு குறைந்துவிடும். ஜவ்வரிசி ஆலையில் அதைப் 'பாயிண்ட்' என்று அளந்துதான் வாங்குவார்கள். பாயிண்ட் இறங்கிய சரக்குக்கு மரியாதை கிடையாது. நான் அந்த இரண்டு மாதமாக உருவாக்கிய விலைக் கணிப்பை மடிக்கணினியில் விரித்துக் காட்டினேன். மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தார்.

"வெலையெல்லாம் அந்தாண்ட வெச்சுக்கலாமுங்க. லாரி மலையேறிடுச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

புள்ளி

விலைக் கணிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, லாரியைப் புள்ளியாகக் காட்டும் வரைபடம் ஒன்றைச் செய்தேன். டிரைவரின் போன் இருக்கும் இடத்தில் புள்ளி நகரும். ஆனால் வளைவுகளில் சிக்னல் போய்விடும், புள்ளி நின்றுவிடும். இந்த மாதிரி நேரத்தில் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து இயந்திரம்போல நடிக்கலாம். எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட மோசடி அது. நான் ஊகித்து ஊகித்துப் புள்ளியைக் கையால் நகர்த்தினேன். லாரி அடிவாரத்தில் பஞ்சராகி நிற்கும்போது, என் புள்ளி ஜம்மென்று மலையேறிய நாளும் உண்டு.

அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். செயலியைத் திறப்பவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறதாம். நகராத புள்ளி நகர்ந்ததா என்று பார்க்கத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. புள்ளியை நகர்த்த ஆள் தேவைப்படும்வரை என் இடத்துக்கு ஆபத்தில்லை. செல்லம்மாக்கா மட்டும் கடைவீதியில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளியப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அதுக்கு நான் ரோட்டையே பாத்துட்டு நிப்பனுங்களே!"

கேட்காத ஒருத்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த வாரத்து நேர்காணல்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். ஊர் முழுக்க என்ன வேண்டும் என்று கேட்கிறீர்களே, என்னிடம் ஒரு நாள் கேட்டீர்களா என்றாள். விளையாட்டாக ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, சொல்லுங்கள் மேடம் என்று பேனாவைத் திறந்தேன்.

குழந்தை என்பாள், சொந்த வீடு என்பாள், சமவெளிக்கு மாற்றல் என்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன். அந்த மலையில் அவளோடு இருந்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

"காலைல டூட்டிக்குக் கிளம்புறப்ப, இப்ப மாதிரியே எப்பவும் கதவைப் பூட்டாம போகணும். உள்ள ஆள் இருக்குன்னு."

பத்து நாள்

கடைசி வளைவுக்கு மேலே டீக்கடை வைத்திருப்பவர் பொன்னுசாமி அண்ணன். ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீழே எங்கோ ஹாரன் கேட்டது. ரோட்டைப் பார்க்காமலே, ஆலை லாரி, பழைய வண்டி, ஏறிவிட்டது என்றார். லாரிகள் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டுதான் ஏறும். ஒவ்வொன்றின் குரலும் அவருக்கு அத்துப்படி. லாரி மேலே வந்தபின் மலையின் மறுகோடிக் காடுகளைச் சுற்றித் திரும்ப மதியமாகிவிடும். அதற்குள் நாலைந்து பேர் சேர்ந்தால் கிழங்கைப் பிடுங்கி ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

டீக்கிளாஸைக் கீழே வைப்பதற்குள் செய்ய வேண்டியது முழுதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பொன்னுசாமி அண்ணன் ஒரு எண்ணுக்குப் போன் அடிப்பார். உடனே பட்டியலில் இருக்கும் அத்தனை பேர் போனும் ஒருமுறை அடித்து ஓயும். எடுக்கவே வேண்டாம், அடித்தாலே லாரி ஏறிவிட்டது என்று பொருள். செயலி வேண்டாம், வரைபடம் வேண்டாம், நகர்த்த ஆள் வேண்டாம். கடைசியாகச் சொன்ன அந்த ஆள் நான்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தப் பத்து நாளுக்குள் என் புள்ளியை நம்பிப் பிடுங்கிய செல்லம்மாக்காவின் கிழங்கு ரோட்டோரத்தில் கிடந்து மொத்தமாகக் கறுத்தது. விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க என்ன பண்ணுவீங்க கண்ணு, பாவம். உங்க மெசினுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

வேண்டாத ஆள்

அன்று சாயங்காலம் மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செல்லம்மாக்கா மாதாமாதம் தன்னிடம் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை டீக்கடைக்குப் போய் அந்த எண்ணைப் பொன்னுசாமி அண்ணன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். முதல் லாரி ஏறியபோது காடு காடாகப் போன்கள் அடித்து ஓய்வது காதில் விழுந்தது. அதன்பிறகு கிழங்கு ரோட்டோரத்தில் இரவு தங்கியதாக நான் கேள்விப்படவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத இறுதியில் வீடியோ அழைப்பில் ஆய்வுக் கூட்டம். மேலாளர் கணேஷ் நல்ல மனிதர், மனதாரப் பாராட்டினார். மலையில் ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும் என்று பேசியது நினைவிருக்கிறதா என்று மெதுவாக இழுத்தேன். என் பின்னால் மெர்சி சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றதை, திரும்பாமலே உணர்ந்தேன். கணேஷ் சிரித்தார்.

"அதான் ஆளே வேண்டாம்னு பண்ணிட்டியேப்பா, பிரமாதம்! திங்கட்கிழமை ஆபீஸ் வந்துடு."

நான் இல்லாமலே ஒரு மலை முழுக்க ஓடும்படி செய்துவிட்டேன் ஐயா, அவள் இல்லாமல் நான் ஓடுவதற்குத்தான் எங்கள் தொழிலில் இன்னும் ஒரு வழிமுறையும் கண்டுபிடிக்கவில்லை.